நாலாவது கணவாய்

2023 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் ஐந்து மணியிருக்கும். சுவிஸில் ஒபெரால்ப் கணவாயிலிருந்து டிசென்ரிஸ் பக்கம் இறங்கும் வளைவு ஒன்றில் என்னுடைய மோட்டார் சைக்கிள் விழுந்துவிட்டது.

மோட்டார் சைக்கிள் விழுந்துவிட்டது என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள். இவ்வளவு காலமும் கேட்டவர்களுக்கெல்லாம் இப்படித்தான் சொல்லி வந்தேன், ஏதோ அது தானாகச் சரிந்து படுத்த மாதிரி. நான்தான் விழுத்தினேன். எதிரில் ஒரு வாகனமும் வரவில்லை, மழையும் இல்லை, றோட்டில் எண்ணெயும் இல்லை. இடது கணுக்காலும் இடது தோளெலும்பும் முறிந்தன. நாலு நாள் பயணம், முதல் நாளிலேயே முடிந்தது.

இந்தச் செய்தி பேர்ணிலிருந்து சூரிச்சுக்குப் போய், அங்கிருந்து பாரிஸ், ரொறொன்ரோ எல்லாம் சுற்றி, மூன்றாம் நாள் யாழ்ப்பாணத்தில் அம்மாவின் காதுக்கும் போய்விட்டது. போகிற வழியில் கதை வளர்ந்து, அம்மா கேள்விப்பட்டபோது எனக்கு ஒரு காலை எடுத்தாச்சு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி வீடியோவில் இரண்டு காலையும் தூக்கிக் காட்டித்தான் மனிசியை நம்பப்பண்ணினேன்.

பார்க்க வந்தவர்கள், ரெலிபோன் எடுத்தவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரு இடத்தில்தான் வந்து நின்றார்கள். "உந்த வயசில உனக்கு ஏன் உந்த விசர் வேலை? குடும்பக்காரன். ரெண்டு பிள்ளையள். இதெல்லாம் வெள்ளையளின்ர விளையாட்டு."

இதற்குப் பதில் எழுதவேண்டும் என்று அப்போதே நினைத்தேன். ஆனால் அந்த நேரம் எழுதியிருந்தால் கோபத்தில் எழுதியிருப்பேன். நானும் பிழை விட்டவன் என்பதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். இப்போது எழுதலாம் போலிருக்கிறது.

முதலில், இது எங்கே தொடங்கியது என்று சொல்லவேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நானும் ஒரு சிநேகிதனும் ஒன்றாகப் படித்தோம். அவனிடம் ஒரு சிவப்பு எம்.டி. 90 இருந்தது. யப்பானில் தபால்காரர் ஓடுகிற ஹொண்டா. பழசாகி எங்கள் ஊருக்கு வந்து, எல்லா வீட்டு முற்றத்திலும் நின்றதே, அதேதான். சமாதான காலம். 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்திருந்தது. நாங்கள் இருவரும் அந்த எம்.டி. 90 இல் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி போய், அங்கிருந்து நுவரெலியா ஏறுவதாகத் திட்டம். மலை என்றால் கீரிமலைதான் எங்களுக்குத் தெரியும். அங்கே மலை இல்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

சோதனை முடியட்டும் என்றான் அவன். சோதனை முடிந்தது. காபரேட்டர் சரியில்லை, செய்விக்கவேண்டும் என்றான். செய்வித்தோம். 2005 கடைசியில் நாடு மாறத் தொடங்கியது. கொஞ்சம் அடங்கட்டும், பிறகு போவோம் என்று நான் சொன்னேன். 2006 ஆகஸ்ட் 11 ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கிப் பாதை பூட்டப்பட்டது. எங்கள் நுவரெலியாப் பயணம் வெளிக்கிடாமலே முகமாலையில் முடிந்தது.

அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் என்றால் வேறு அர்த்தம். ஹெல்மெற் போட்ட இருவர் ஒரு மோட்டார் சைக்கிளில் மெதுவாக ஓடிக்கொண்டு வந்தால் றோட்டில் நிற்கிற ஆட்கள் கலைந்துவிடுவார்கள். இரவில் சத்தம் கேட்டால் வீட்டில் லைற்றை நூர்த்துவார்கள். 2007 இல் படிப்பை இடையில் விட்டுவிட்டு நான் வெளிக்கிட்டேன். அவனும் வெளிக்கிட்டான். இப்போது கனடாவில் இருக்கிறான், சீனி வருத்தத்தோடு.

நான் 2008 இல் சுவிஸுக்கு வந்தேன். இங்கே அகதிகளுக்கு எழுத்துகளில்தான் வாழ்க்கை. முதலில் என். அது வழக்கு முடியாதவர்களுக்கு. நாட்டை விட்டு வெளியே போகமுடியாது. பிறகு எஃப். திருப்பி அனுப்பவில்லை, ஆனால் ஏற்றுக்கொள்ளவும் இல்லை என்று அர்த்தம். அதிலும் எல்லை தாண்டுவதென்றால் முன்கூட்டியே அனுமதி கேட்கவேண்டும், பெரும்பாலும் கிடையாது. 2017 இல்தான் பி கிடைத்தது. ஒன்பது வருசம்.

அந்த ஒன்பது வருசமும் குசினி. முதலில் கோப்பை கழுவினேன், பிறகு சலாட், பிறகு அடுப்பு. நான் வேலை செய்த றெஸ்ரோறன்ற் மலைப்பக்கம் போகும் பெருந்தெருவில் இருந்தது. மே மாதம் பிறந்தால் சனிக்கிழமை காலைகளில் மோட்டார் சைக்கிள்கள் கூட்டம் கூட்டமாகப் போகும். பின்கதவுப் படியில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டு பார்ப்பேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்பாட்டி ஹெல்மெற்றைக் கழற்றினால் அரைவாசிப் பேருக்கு மேல் நரைத்த தலை. ஐம்பது, அறுபது வயது. எங்கள் ஆட்கள் அந்த வயதில் இரண்டாவது வேலைக்குப் போகிறார்கள் அல்லது வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறார்கள்.

2019 இல் லைசென்ஸ் எடுத்தேன். இங்கே மோட்டார் சைக்கிளுக்கு 12 மணித்தியாலம் கட்டாயப் பயிற்சி இருக்கிறது. ஊரில் ஓடியவன் எனக்கென்ன பயிற்சி என்று போனேன். முதல் நாளே வாத்தியார் சொன்னார்: "நீ ஓடுகிறாய். ஆனால் பார்க்கிற இடம் பிழை." அந்த வசனத்தை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை. 2022 இல் பழைய சுசுகி வீ-ஸ்ரோம் 650 ஒன்று வாங்கினேன். விலை 4800 பிராங்.

எனக்கு ஒரு பெயர் மண்டைக்குள் இருந்தது. ஸ்ரெல்வியோ. இத்தாலியில், சுவிஸ் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற கணவாய். 2757 மீற்றர் உயரம். பிராட் பக்கமிருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள். 1820 க்கும் 1825 க்கும் இடையில், ஒஸ்ரியாப் பேரரசு லொம்பார்டியோடு தொடர்பு வைத்திருப்பதற்காகக் கார்லோ டொனெகானி என்ற பொறியியலாளரைக் கொண்டு போடுவித்த றோட்டு. எஃப் வைத்திருந்த காலத்தில் படத்தில் பார்ப்பேன். எல்லையிலிருந்து கொஞ்சத் தூரம்தான். ஆனால் எனக்கு அது நிலா.

றெஸ்ரோறன்றைக் கோடையில் இரண்டு கிழமை பூட்டுவார்கள். அந்த இரண்டு கிழமைக்குள் மனிசியின் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம், பிள்ளைகளின் அறைக்குப் பெயின்ற், முகாமில் இருந்த காலத்துக் கூட்டாளி ஒருவன் வீடு மாறுவதற்கு உதவி. எனக்கு மிஞ்சியது நாலு நாள். அந்த நாலு நாளுக்குள் கிறிம்சல், நூபெனன், கொத்தாட், ஒபெரால்ப், யூலியர், ஸ்ரெல்வியோ எல்லாம் போட்டு ஒரு தாளில் எழுதினேன். கடதாசியில் எழுதுவதற்கு அலுப்பு இல்லைதானே.

பூட்டுவதற்கு முந்தின சனி இரவு குசினி முழுக்கக் கழுவவேண்டும். அடுப்புக்கு மேலே இருக்கிற புகைக்கூடு, பொரிக்கிற எண்ணெய், குளிர் அறை, எல்லாம். முடிய இரவு இரண்டு மணி. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் படுத்தால் நித்திரை வரவில்லை. சின்னப்பிள்ளை சுற்றுலாவுக்குப் போகிற மாதிரி. ஏழு மணிக்கு வெளிக்கிட்டுவிட்டேன்.

காலில் என்ன போட்டிருந்தேன் தெரியுமா? குசினிச் சப்பாத்து. வழுக்காத அடி, முன்பக்கம் இரும்பு வைத்தது. ஜக்கெற், கையுறை, ஹெல்மெற் எல்லாம் நல்லதாக வாங்கிவிட்டு, மோட்டார் சைக்கிள் சப்பாத்து 250 பிராங் என்றவுடன் "இது காணும்" என்று நினைத்தவன் நான். குசினிச் சப்பாத்து விரலைக் காப்பாற்றும், கணுக்காலைக் காப்பாற்றாது. என் விரல்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

அந்த நாளைப் பற்றி நல்லதும் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் பொய். கிறிம்சல் 2164 மீற்றர். உச்சியில் ஒரு கறுத்த ஏரி, இறந்தவர்களின் ஏரி என்று அதற்குப் பெயர். நூபெனன் 2478 மீற்றர், சுவிஸுக்குள்ளேயே முழுதாக இருக்கிற கணவாய் றோட்டுகளில் அதுதான் உயரம். கொத்தாட்டின் தெற்குப் பக்கத்தில் திரெமோலா என்ற பழைய றோட்டு, கல் பதித்தது, 24 வளைவுகள். கல்லில் ரயர் ஓடும்போது கை, பல், நெஞ்சு எல்லாம் அதிரும். அந்த வளைவுகளில் ஏறும்போது ஹெல்மெற்றுக்குள் நான் சத்தம் போட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. நாற்பத்திரண்டு வயதில், ஒருத்தரும் என்னை ஒன்றும் கேட்காத இடத்தில், கத்தினேன். அதற்காக நான் ஒருபோதும் வெட்கப்படமாட்டேன்.

பிழை அண்டர்மற்றில் நடந்தது.

நாலு மணிக்கு அண்டர்மற்றில் பெற்றோல் அடித்தேன். கை நடுங்கியது. கண் எரிந்தது. 24 மணித்தியாலத்தில் மூன்று மணித்தியாலம் கூட நித்திரை கொள்ளவில்லை, மனிசி கட்டித் தந்த ரொட்டி இரண்டைத் தவிர ஒன்றும் சாப்பிடவுமில்லை. இரவு டிசென்ரிஸில் தங்குவதாகத்தான் திட்டம். அதற்கு ஒபெரால்ப்பைத் தாண்டவேண்டும். ஆனால் அண்டர்மற்றிலும் அறை எடுக்கலாம். எடுத்தால் அடுத்த நாள் திட்டம் பிந்தும், பிந்தினால் ஸ்ரெல்வியோ இல்லாமல் போகலாம். உடம்பு நில் என்றது. உள்ளே ஒரு குரல் சொன்னது: "இப்ப போகாட்டி எப்ப?"

அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. அதைக் கேட்டுத்தான் 2007 இல் நாட்டை விட்டு வெளிக்கிட்டேன். அப்போது அது என்னைக் காப்பாற்றியது. அதனால் அது எப்போதும் சரியாகத்தான் சொல்லும் என்று நம்பிவிட்டேன்.

ஒபெரால்ப் 2044 மீற்றர்தான், அன்றைக்கு ஏறினதில் மிகவும் லேசானது. உச்சியில் ஏனோ ஒரு சிவப்புக் கலங்கரை விளக்கம் வைத்திருக்கிறார்கள். ரைன் நதி இந்தப் பக்கம் தொடங்குவதைக் காட்டுவதற்காம். படம் எடுத்தேன். இறங்கத் தொடங்கி மூன்றாவதோ நாலாவதோ வலப்பக்க வளைவு. கொஞ்சம் வேகமாக வந்துவிட்டேன். சாதாரணமாக அதைச் சமாளித்திருக்கலாம். ஆனால் வெளிப்பக்கத்துக் கல்லுச் சுவரைப் பார்த்தேன். பயந்து பார்த்தேன். பார்த்த இடத்துக்குத்தான் மோட்டார் சைக்கிள் போகும். வாத்தியார் 2019 இல் சொன்னது அதுதான். எதிர்ப்பக்கப் பாதையைத் தாண்டி, முன் பிறேக்கைப் பொத்திப் பிடித்து, சுவருக்குக் கிட்டே இடப்பக்கமாக விழுந்தேன். இருநூறு கிலோவுக்கு மேல் பாரம் கணுக்காலில்.

எதிர்ப்பக்கம் ஒரு கார் வந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. அதைவிட, அந்தக் காருக்குள் ஒரு குழந்தை இருந்திருந்தால்? கட்டிலில் கிடந்த நாட்களில் அதுதான் நித்திரையில் வந்தது. பிறகு பொலிஸ் தண்டம் அனுப்பியது, வாகனத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கவில்லை என்று. முழுக்கச் சரியான குற்றச்சாட்டு. மறுபேச்சில்லாமல் கட்டினேன்.

பின்னால் வந்த ஜேர்மன்காரர் இருவர் மோட்டார் சைக்கிளை என் காலிலிருந்து தூக்கினார்கள். அவர்களில் ஒருவர் ரெலிபோனை எடுத்து ஹெலிக்கொப்ரர் என்று கதைக்கத் தொடங்க, நான் கத்தினேன்: "வேண்டாம், ஹெலிக்கொப்ரர் வேண்டாம்!" எலும்பு வெளியே தெரிகிறது. எனக்கு அந்த நேரம் கணக்குத்தான் ஓடியது. ஹெலிக்கொப்ரர் வந்தால் எத்தனை ஆயிரம் பிராங்? அந்த மனிசன் என்னை விசரனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். ஹெலிக்கொப்ரர் வந்தது.

இந்த இடத்தில் சுவிஸில் இருக்கிறவர்களுக்குச் சில விசயம் சொல்லவேண்டும். நான் கேட்டுப் பார்த்த எங்கள் ஆட்களில் பலருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

இங்கே சம்பளத்துக்கு வேலை செய்கிற எல்லோருக்கும் விபத்துக் காப்புறுதி கட்டாயம். ஒரே முதலாளியிடம் கிழமைக்கு எட்டு மணித்தியாலமாவது வேலை செய்தால், வேலைக்கு வெளியே நடக்கிற விபத்துக்கும் அது பொறுப்பு. வைத்தியச் செலவு முழுவதும் அவர்கள்தான். தேவையான மீட்புச் செலவும் அப்படித்தான், ஹெலிக்கொப்ரர் உட்பட. எனக்கு ஒரு பிராங் கூட வரவில்லை. ஆனால் இரண்டு மூன்று இடத்தில் ஐந்து, ஆறு மணித்தியாலம் என்று துப்புரவு வேலை செய்கிறவர்கள் கவனியுங்கள். ஒரு இடத்திலும் எட்டு மணித்தியாலம் வராவிட்டால் வேலைக்கு வெளியே அந்தப் பாதுகாப்பு இல்லை. வீட்டில் இருக்கிற மனைவிக்கும் படிக்கிற பிள்ளைக்கும் நோய்க் காப்புறுதிதான். அது மீட்புச் செலவில் பாதி, அதுவும் வருசத்துக்கு 5000 பிராங் வரைக்கும்தான் கொடுக்கும். மலையில் பனியில் விளையாடப் போகிற பிள்ளைகள் உள்ளவர்கள், ரேகா என்கிற விமான மீட்புச் சேவைக்கு வருசாவருசம் ஆதரவுப் பணம் கட்டினால், காப்புறுதி கொடுக்காத மீதியை அவர்கள் தள்ளுபடி செய்யலாம். 1952 இல் தொடங்கிய அமைப்பு. 35 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கட்டுகிறார்கள். சாமத்திய வீட்டுக்குப் போனால் வைக்கிற காசை விடக் குறைவு.

இனித்தான் எழுதக் கஷ்டமான பகுதி.

விபத்துக் காப்புறுதி, வேலை செய்யமுடியாத காலத்தில் மூன்றாம் நாளிலிருந்து சம்பளத்தில் 80 வீதம் கொடுக்கும். நல்ல விசயம். ஆனால் எந்தச் சம்பளத்தில்? கடதாசியில் இருக்கிற சம்பளத்தில்.

கடதாசியில் நான் அரைநேர வேலைக்காரன். ஐம்பது வீதம். மிச்ச ஐம்பது வீதமும் மாதக் கடைசியில் கையில் வரும். கணக்கு விளங்குவதற்கு ஒரு வட்டத் தொகை வைப்போம். மொத்தம் 4000 பிராங் என்றால் கடதாசியில் 2000. அதில் 80 வீதம் 1600. அந்த 1600 இல் வாடகை, சாப்பாடு, பிள்ளைகள், சீட்டு. கிட்டத்தட்ட ஐந்து மாதம். முதலாளி முதல் மாதம் கொஞ்சம் கொடுத்தார், பிறகு ரெலிபோன் எடுக்கவில்லை. அவரை நான் எங்கே போய்க் கேட்பது? என்ன கடதாசியைக் காட்டுவது?

முதலாளியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுத் தப்பலாம். ஆனால் 2013 இல் அந்த ஒழுங்கைக் கேட்டது நான்தான். அப்போது எங்களைப் போன்ற ஆட்களின் சம்பளத்தில் 10 வீதத்தை அரசாங்கம் சிறப்பு வரியாக வெட்டியது. வழக்கு எப்போது முடியும், எப்போது அனுப்புவார்கள் என்று தெரியாது. ஓய்வூதியத்துக்குக் கட்டி என்ன பிரயோசனம்? நாளைக்கு இங்கே இருப்பேனா? கையில் வருவதுதான் காசு. அப்படி நினைத்தேன், அப்போது அது முழுப் பைத்தியக்காரத்தனமும் இல்லை. ஆனால் 2017 இல் பி வந்துவிட்டது. 2018 தொடக்கத்தில் அந்த 10 வீத வெட்டையும் எடுத்துவிட்டார்கள். காரணம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. ஐந்து வருசத்துக்கும் மேல் ஒருத்தரும் கட்டாயப்படுத்தாமலே நான் அரை மனிசனாக வேலை செய்தேன்.

காப்புறுதிக் கடிதங்களை மகள்தான் வாசித்துச் சொல்வாள். அப்போது அவளுக்கு 11 வயது. என்னுடைய ஜேர்மன் குசினி ஜேர்மன், கடிதத்துக்குக் காணாது. ஒரு நாள் வாசித்துக்கொண்டு போனவள் நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, நீங்கள் ஐம்பது வீதம்தான் வேலை செய்யிறதெண்டு இதில எழுதியிருக்கு."

"ஓம் பிள்ளை."

"அப்ப மற்ற நேரம் எங்க போறனீங்கள்?"

அவளுடைய பள்ளிக்கூட விழா ஒன்றுக்கும் நான் போனதில்லை. பிறந்தநாளுக்கு வெட்டிய கேக்கில் ஒரு துண்டை மூடி வைத்திருப்பார்கள், இரவு பன்னிரண்டு மணிக்கு வந்து சாப்பிடுவேன். அரைநேரம் வேலை செய்கிற அப்பா மிச்ச நேரம் எங்கே போனார் என்று அவள் கேட்கிறாள். மனிசி குசினிக்குள் போய்விட்டாள். நான் என்ன சொல்ல? உண்மையைச் சொன்னேன். விளங்கியதோ தெரியாது. கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள்.

கணுக்கால் நொந்ததை விட அது நொந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்று விளங்கியது. அண்டர்மற்றில் நிற்காமல் நாலாவது கணவாய்க்கு ஏறியதும், அரைச் சம்பளத்தைக் கையில் வாங்கியதும். இரண்டுக்கும் பின்னால் அதே குரல். நாளைக்கு என்று ஒன்று இல்லை, இருக்கிறதை இன்றைக்கே எடு. யுத்தத்துக்குள் வளர்ந்தவர்களுக்கும், வருசக்கணக்காகக் கடிதத்துக்குக் காத்திருந்தவர்களுக்கும் அந்தக் குரல் உடம்போடு ஒட்டிவிட்டது. நுவரெலியாவுக்குப் பிறகு போவோம் என்று சொல்லித்தான் நான் போகாமல் விட்டேன். அதனால் பிறகு என்ற சொல்லிலேயே எனக்கு நம்பிக்கை இல்லை. நாலு நாளுக்குள் பதினெட்டு வருச ஆசையைத் திணித்தேன்.

கணவாய்களில் நான் கண்ட நரைத்த தலைக்காரர் அப்படி ஓடவில்லை. ஒரு கணவாய் ஏறி, உச்சியில் கோப்பி குடித்து, படம் எடுத்து, வானத்தைப் பார்த்து, மழை என்றால் திரும்பிப் போனார்கள். அடுத்த கிழமையும் மலை அங்கேதான் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கும் எனக்கும் உள்ள வித்தியாசம் தோல் நிறமும் இல்லை, காசும் இல்லை. அதுதான்.

ஆகவே "உனக்கு ஏன் உந்த விசர் வேலை" என்று கேட்டவர்களுக்கு என் பதில்: ஆசை பிழையில்லை. எங்கள் சமூகத்தில் ஒரு ஆம்பிளை மகளின் சாமத்திய வீட்டுக்கு மண்டபம், பல்லக்கு, வீடியோ என்று முப்பதினாயிரம் பிராங் கடன்பட்டால் ஒருத்தரும் விசர் என்று சொல்வதில்லை. லீசிங்கில் பெரிய கார் எடுத்தால் வாழ்த்துகிறார்கள். இரண்டு வேலை செய்து ஐம்பது வயதில் நெஞ்சு அடைத்து விழுந்தால் "நல்ல உழைப்பாளி" என்று மரண அறிவித்தலில் போடுகிறார்கள். அதே ஆள் 4800 பிராங்குக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கித் தனியாக நாலு நாள் மலைக்குப் போனால் மட்டும் குடும்பத்தை யோசிக்காதவன். மற்றவர்கள் பார்க்கச் செலவழித்தால் கடமை, தனக்குச் செலவழித்தால் விசர். இதை நான் ஏற்கமாட்டேன்.

ஆனால் என்னைத் திட்டியவர்களில் ஒருத்தர் கூடச் சரியான கேள்வியைக் கேட்கவில்லை. நித்திரை இல்லாமல் ஏன் போனாய்? சப்பாத்து ஏன் வாங்கவில்லை? சம்பளம் ஏன் கடதாசியில் இல்லை? இவற்றைக் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. கேட்காததற்குக் காரணமும் எனக்குத் தெரியும். திட்டியவர்களில் பலரின் சம்பளமும் கடதாசியில் பாதிதான்.

2024 இல் வேலை மாறினேன். இப்போது நூறு வீதமும் கடதாசியில். கையில் வருவது முன்னையை விடக் குறைவு, அதை மறைக்கவில்லை. முதல் மாதச் சம்பளக் கடதாசியை மகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். ஓய்வூதியம், விபத்து, வேலையின்மை என்று வெட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு, "கன காசு வெட்டுறாங்கள்" என்றாள். ஓம், வெட்டுகிறார்கள். வெட்டுகிற அளவுக்குத்தான் இந்த நாட்டில் நான் இருக்கிறேன்.

வீ-ஸ்ரோம் செய்விக்க முடியாமல் போய்விட்டது. கணுக்காலில் தகடும் ஆணிகளும் இருக்கின்றன, குளிர் தொடங்கும் முன்னமே எனக்கு மழை வரப்போவது தெரியும். மனிசியிடம் இன்னும் கேட்கவில்லை. ஆனால் போன மாதம் ஒரு கடைக்குப் போய் மோட்டார் சைக்கிள் சப்பாத்து ஒரு சோடி வாங்கிவிட்டேன். 270 பிராங். விலை ஏறிவிட்டது. சப்பாத்துப் பெட்டி அலுமாரிக்கு மேலே இருக்கிறது. அவள் கண்டிருப்பாள், ஒன்றும் சொல்லவில்லை.

கனடாவில் இருக்கிறவனுக்குச் சொன்னேன். "மச்சான், மோட்டார் சைக்கிள் இல்லாமல் சப்பாத்து வாங்கின முதல் ஆள் நீதான்ரா" என்று சிரித்தான். பிறகு கேட்டான், "எப்ப போறாய்?"

நான் முதல் முறையாக அவசரமில்லாமல் சொன்னேன்: "பிறகு."